மணியடிக்காத கார்டு

எண்பதுகளில் மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் டெலிபோன்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. டெலிபோன்களை ஒன்றோடொன்று இணைக்கும் பழைய பெட்டியில் எல்லாவற்றுக்கும் ஒரே மூளை. அது படுத்துவிட்டால் தொழிற்சாலை முழுவதும் ஊமை. மேனேஜர் முதல் காவலாளி வரை என்னைத் திட்டித் தீர்ப்பார்கள். புதிதாக வந்த பெட்டியில் அந்த மூளையைப் பிரித்து வைத்திருந்தார்கள். எட்டு டெலிபோனுக்கு ஒரு மின்சுற்றுக் கார்டு, ஒவ்வொரு கார்டிலும் ஒரு குட்டி மூளை. யார் ரிசீவரை எடுத்தார்கள், யாருக்கு மணி அடிக்க வேண்டும் என்பதை அந்தந்தக் கார்டே கவனித்துக்கொள்ளும். நடுவிலிருக்கும் பெரிய கார்டு அவ்வப்போது "இருக்கிறாயா?" என்று மட்டும் கேட்கும். "இருக்கிறேன்" என்று பதில் வந்தால் பச்சை விளக்கு எரியும். அதற்கு மேல் அது துருவிக் கேட்பதில்லை. ஒன்று போனாலும் மற்றவை ஓடும் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வாரம் அப்பா கோலாலம்பூரில் ஆஸ்பத்திரியில் இருந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்று, அங்கேயே பிரிக்பீல்ட்ஸில் அக்கா வீட்டோடு இருந்தவர். நெஞ்சுவலி. இப்போது பரவாயில்லை என்று டாக்டர் சொன்னதால் நான் வேலைக்குத் திரும்பினேன். "ஏதாவதுன்னா உடனே போன் பண்ணுக்கா, ஓடி வந்துருவேன்" என்று தொழிற்சாலை எண்ணையும் அதற்குள் என் பட்டறையின் எண்ணையும் கொடுத்திருந்தேன்.

ஒருநாள் காலையில் மேனேஜரின் செக்ரட்டரி சண்டைக்கு வந்தார். "என்ன அண்ணே, போன் மணியே அடிக்கல லா! பாஸ் கத்துறாரு." கார்டில் மணி அடிக்கும் பகுதி மட்டும் செத்திருந்தது. மாற்றுக் கார்டு வர இரண்டு நாளாகும். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. கெட்ட கார்டை யாரும் சத்தம் போடாத இடத்துக்கு மாற்றிவிட்டு, அங்கிருந்த நல்லதை மேலிடத்துக்குக் கொடுத்துவிடுவோம். யாரும் சத்தம் போடாத இடம் என் பட்டறைப் பக்கம்தான். மாற்றினேன். பட்டறை டெலிபோனை எடுத்துப் பார்த்தேன், டயல் டோன் வந்தது. பச்சை விளக்கும் எரிந்தது. மேனேஜர் வாயை மூடினாரே, அது போதும் என்றிருந்தது. அக்காவிடம் கொடுத்த எண் நினைவுக்கே வரவில்லை. என்ன புத்தியோ எனக்கு!

அன்று மத்தியானம் அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருக்கிறது. வார்டுக்கு வெளியே இருந்த பொதுத் தொலைபேசியிலிருந்து அக்கா மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள். தொழிற்சாலை ஆப்பரேட்டர் மூன்று தடவையும் என் பட்டறைக்கு இணைத்துவிட்டு அடுத்த அழைப்பைப் பார்க்கப் போய்விட்டார். கூப்பிடுகிறவர் காதில் விழும் மணியோசையைப் பெரிய கார்டு தரும். என் மேஜையில் அடிக்க வேண்டிய மணியைச் சின்னக் கார்டு தரும். அதனால் அக்காவுக்கு மணி போவது நன்றாகவே கேட்டிருக்கிறது.

வேலை முடிந்து பஸ் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது கட்டில் காலியாக இருந்தது. அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"ரிங் போச்சுடா. மூணு வாட்டியும் போச்சு. நீதான் எடுக்கல."

அப்பா செத்த இடத்தில் நின்றுகொண்டு கார்டுகளைப் பற்றி விளக்கினேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. "என் காதாலதானே கேட்டேன்" என்றாள் அக்கா. இன்றுவரை அவள் நம்பவில்லை. அவள் மேல் எனக்குக் கோபமும் இல்லை.

நான்காவது தடவை கூப்பிட அவள் எழுந்தபோது அப்பா கையைப் பிடித்துத் தடுத்தாராம். "விடும்மா, புள்ள வேலையா இருப்பான். தொந்தரவு பண்ணாத" என்றாராம்.

அன்று மத்தியானம் எனக்கு ஒரு வேலையும் இல்லை. அந்த டெலிபோனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.