பிழியாத துணி

சின்னத்தாயி ஈரத்துணி பிழிவதை ஒன்பது வருஷமாகப் பார்த்து வருகிறேன். கடைசிச் சொட்டு விழுந்த பிறகும் விடமாட்டாள். தையல் தெறிக்கும்வரை முறுக்குவாள். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வராது.

பெங்களூர் காக்ஸ் டவுனில் மௌரீன் மிஸ்ஸி என்ற ஆங்கிலோ-இந்திய அம்மா வீட்டில் அவள் சமையல் செய்தாள். நான் பாத்திரம் தேய்த்தேன். வீட்டுக்குப் பின்னால் அடுத்தடுத்த அறைகளில் இருந்தோம். தோட்டத்தில் ஒரு கிராப் ஆப்பிள் மரம். பழம் நெல்லிக்காய் அளவுதான். கடித்தால் வாய் கோணிக்கொள்ளும். வேகவைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, சொட்டும் சாற்றில் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சினால் சிவப்புக் கண்ணாடி மாதிரி ஜெல்லி வரும். துணியை மட்டும் பிழியக் கூடாது, ஜெல்லி கலங்கிவிடும். சின்னத்தாயி செய்தது ஒருநாளும் கலங்கியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

1957 ஆகஸ்டில் ஒருநாள், சர்ச் விற்பனைக்குச் சாயங்காலத்துக்குள் இருபது பாட்டில் வேண்டும் என்று சொல்லிவிட்டு மிஸ்ஸி காலையிலேயே கிளம்பிவிட்டார். சின்னத்தாயியின் மகள் ரத்னாவுக்கு நான்கு வயது. இரண்டு நாளாகத் தொண்டை வலி, காய்ச்சல். அன்று மூச்சு இழுக்க ஆரம்பித்திருந்தது.

"இது சொட்டி முடிஞ்சதும் காய்ச்சி ஊத்திட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறேன்," என்றாள்.

தோட்ட வேலை செய்யும் மாலி கோவிந்தப்பா ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "இது சொட்டி முடியறதுக்குள்ள உம் பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிடும் தாயி! ரெண்டு முறுக்கு முறுக்கிட்டுக் கிளம்பு."

"போய்யா. கலங்கிப்போனா நீயா வந்து பதில் சொல்லுவே?"

மத்தியானம் அறையில் படுத்திருந்த குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்ததைப் பார்த்தேன். சமையலறை வாசல்வரை ஓடினேன். "அக்கா, குழந்தை..." என்றேன்.

"தோ, ஆச்சு யசோதா," என்றாள், துணியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அதட்டிச் சொல்ல எனக்கு நா எழவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

நாலு மணிக்குக் கடைசி பாட்டிலை மூடிவிட்டு ஓடிவந்தாள். ஜட்கா அல்சூர் ஏரியைத் தாண்டுவதற்குள் ரத்னாவின் மூச்சு அடங்கிவிட்டது. தொண்டை அடைப்பான் என்றார்கள்.

மிஸ்ஸி அழுதார். உண்மையாகவே அழுதார். "ஏன் மேன், பிழிஞ்சுட்டுப் போயிருக்கலாமே? ஜெல்லிதானே!"

சின்னத்தாயி கொக்கியில் தொங்கிய துணியை இறக்கி, சக்கை பிதுங்கி வெளியே வரும்வரை பிழிந்தாள்.

மிஸ்ஸி ஆஸ்திரேலியா போய்விட்டார். வீடு கைமாறிவிட்டது. மரம் இருக்கிறது, உதிரும் பழத்தை நான்தான் பெருக்கிக் கொட்டுகிறேன். சின்னத்தாயி ஜோகுபாளையத்தில் நாலு வீட்டுக்குத் துணி துவைக்கிறாள்.