பேச்சியம்மாள் அக்கா கையெழுத்திட்ட கடைசிப் பட்டியல்

மத்தாப்பு மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு எழுதுகிறேன். போன வாரத்திலிருந்து உங்கள் கேள்விகளுக்குப் பதில் வரவில்லை. அதை எழுதிய பேச்சியம்மாள் அக்கா இறந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு வகுப்பு ஜன்னல் அதிர்ந்தது. சத்தம் கேட்டால் எங்கள் பள்ளியில் யாரும் யாரையும் உட்காரச் சொல்வதில்லை. பட்டாசு ஆலைக்கு ஆள் போகிற வீட்டுப் பிள்ளைகள் வராந்தாவுக்கு ஓடி, புகை எந்தத் திசையில் என்று பார்ப்போம். என் அப்பா போர்மேனாக இருக்கும் ஆலைப் பக்கம்தான் புகை எழுந்தது. டீச்சர் போனில் அப்பாவைக் கூப்பிட்டேன். "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லி வைத்துவிட்டார். அதே ஆலையில் வேலை பார்த்த அக்காவைப் பற்றி நான் கேட்கவேயில்லை. அவர் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர். ஆபீஸ், வெடிமருந்து அறைகளிலிருந்து வெகு தூரத்தில் கேட் பக்கம் இருக்கிறது. அவர் பதினான்காம் அறையில் கிடந்தார் என்பது சாயந்திரம்தான் தெரிந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் மேனேஜர் அக்கா வீட்டுக்கு வந்தார். "ஆபீஸ் பிள்ளைக்கு அங்கன என்ன சோலி? நாங்க யாரும் அனுப்பல. வேடிக்கை பாக்கப் போயிருக்கும்" என்று அக்காவின் அம்மாவிடமே சொன்னார். வேடிக்கையா? இந்தப் பக்கம் பிறந்தவள் எவளாவது மருந்து அறையை வேடிக்கை பார்க்கப் போவாளா? போகும்போது, கம்பெனி வேலை இதில் இருக்கிறது என்று அக்காவின் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு போனார். அழுதுகொண்டிருந்த அந்த அம்மா யோசிக்காமல் கொடுத்துவிட்டார். அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனது என் அப்பா.

உங்களில் பலருக்கு அக்காவின் முகம் தெரியாது. ஆலைக்கு வருவதற்கு முன் அவர் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டைப் அடித்தார். பழைய எழுத்துருவில் அடித்த காலண்டரும் லேபிளும் புதுக் கம்ப்யூட்டரில் திறந்தால் குப்பையாகத் தெரியும். அதை யூனிகோடாக மாற்றத்தான் மத்தாப்பை எழுதி, மூல நிரலோடு இலவசமாக வெளியிட்டார். அச்சக முதலாளி சிரித்தாராம்: "கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு? அம்புட்டையும் தொறந்து போட்டா எவன் மதிப்பான்?" அக்கா சொன்ன பதில்: "தொறந்து கிடக்கிறத யாரும் பூட்ட முடியாதுல்ல அண்ணாச்சி." ஏன் அந்தப் பெயர் என்று நான் கேட்டதற்கு, "அணுகுண்டுன்னு வச்சா ஒருத்தனும் கிட்ட வரமாட்டான் புள்ள" என்றார்.

எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் கதை பேச அவருக்கு நான் ஒருத்திதான் இருந்தேன். அவர் மாற்றிய கல்யாணப் பத்திரிகை ஒன்றில் மாப்பிள்ளையின் இனிஷியல் காணாமல் போயிருந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னேன். அன்றைக்கே நிரலைத் திருத்தி, பங்களித்தவர்கள் பட்டியலில் என் பெயரைச் சேர்த்தார். "நான் ஒரு வரிகூட எழுதலையே அக்கா" என்றேன். "தப்பைச் சொன்னவ பேரு இருக்கணும். தப்பைச் சொல்ல ஆள் இல்லாமத்தான் இந்த ஊரு இப்படிக் கிடக்கு" என்றார்.

ஒவ்வொரு பதிப்பையும் டிஜிட்டல் கையெழுத்திட்டுத்தான் வெளியிடுவார் என்பது உங்களுக்குத் தெரியும். ரகசியச் சாவி அவரிடம், அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி மத்தாப்பு பக்கத்தில் எல்லோருக்கும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் கையெழுத்து பொருந்தாது. உங்களுக்குத் தெரியாதது, தினமும் காலையில் அவர் இன்னொன்றுக்கும் கையெழுத்திட்டார்.

ஆலையில் ஒவ்வொரு அறைச் சுவரிலும் எத்தனை பேர் இருக்கலாம் என்று பெயிண்டில் எழுதியிருக்கும். சீசனில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. நான்கு பேர் அறையில் ஒன்பது பேர் உட்காருவார்கள். அதிகாரிகளுக்குக் காட்டும் பட்டியலில் நான்கு பெயர்தான் இருக்கும். அந்தப் பொய்யை டைப் அடித்தது அக்காதான். அடித்துவிட்டு, உண்மையில் யார் எந்த அறையில், யார் சொல்லி உட்கார்ந்தார்கள் என்று இன்னொரு பட்டியலை எழுதிக் கையெழுத்திட்டு எனக்கு அனுப்பிவிடுவார். எனக்கு எதற்கு என்று கேட்டேன். "ஒரு ரூமுக்கும் அடுத்த ரூமுக்கும் எதுக்கு எடம் விட்டுக் கட்டியிருக்கு? ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிக்கத்தான்" என்றார்.

ஆனால் அதை அதிகாரிகள் யாரிடமும் அவர் கொடுக்கவில்லை. நான் சண்டையே போட்டேன்.

"இப்பவே கொடுக்கலாம்ல அக்கா?"

"இப்பக் கொடுத்தா சீல் வச்சிருவாக. ஆர்டர் தலைக்கு மேல கிடக்கு. அம்புட்டுச் சனமும் வேலையில்லாம எங்க போகும்? தீபாவளி முடியட்டும் புள்ள."

இந்தப் பக்கத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் தீபாவளி முடியட்டும் என்றுதான் தள்ளிப் போடுகிறோம். கூரை மாற்றுவதை, ஆஸ்பத்திரிக்குப் போவதை, நியாயம் கேட்பதை. அக்காவும் அதே தப்பைச் செய்தார். இறந்தவரைக் கோபிக்கக் கூடாது என்கிறார்கள். எனக்குக் கோபம் அடங்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமைப் பட்டியல் காலை ஒன்பது பத்துக்கு எனக்கு வந்திருக்கிறது. அதில் பதினான்காம் அறையில் பத்துப் பெயர். பத்தாவது, பேச்சியம்மாள், ஆபீஸ். ஆள் குறைவு என்று பேக்கிங்குக்கு அனுப்பியிருக்கிறார்கள். போவதற்கு முன் தன் பெயரையும் மறக்காமல் எழுதியிருக்கிறார். அனுப்பியவர் என்ற இடத்தில், போர்மேன் என்று போட்டு, என் அப்பாவின் பெயர்.

அப்பா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. "உங்க அக்கா உனக்கு எதுவும் அனுப்புச்சா?" என்று ஒரு தடவை கேட்டார். இல்லை என்று பொய் சொன்னேன். அவர் நம்பவில்லை, திரும்பவும் கேட்கவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் பெயரை அழித்துப் பார்த்தேன். அந்த ஒரு சொல்லை மட்டும். சரிபார்த்தால் கையெழுத்து பொருந்தவில்லை என்று வந்தது. அப்பாவை எடுத்தால் அக்காவும் போய்விடுகிறார். மேனேஜர் சொன்னது மட்டும் மிஞ்சுகிறது. அழித்ததைத் திரும்பப் போட்டேன். பொருந்தியது.

அக்காவின் மடிக்கணினி இப்போது ஆலைக்காரர்களிடம் இருக்கிறது. ரகசியச் சாவியின் கடவுச்சொல் எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் இனி மத்தாப்பின் பெயரில் புதிய பதிப்பு வந்தால் நம்பாதீர்கள்.

பட்டியலையும் கையெழுத்தையும் இத்துடன் இணைக்கிறேன். அக்காவின் பொதுச் சாவி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நீங்களே சரிபாருங்கள். பிறகு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நான் பயந்து இதை எடுத்துவிட்டாலும் உங்களிடம் இருக்கட்டும்.

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, அவர் தன் பெயரை எழுதிய அந்தப் பத்தாவது வரி. தான் அடித்த பொய்ப் பட்டியலில் தான் இல்லை என்று தெரிந்து எழுதிய வரி அது.

அக்காவை அனுப்பும்படி அப்பாவுக்கு யார் சொன்னார்கள் என்பது பட்டியலில் இல்லை. அக்காவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சம் அப்பாவுக்குத்தான் தெரியும். பக்கத்து அறையில் விழித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறார். இதை ஏற்றி முடித்ததும், பள்ளியில் கொடுத்த என் மடிக்கணினியை அவர் முன்னால் கொண்டுபோய் வைத்து, அடுத்த வரியை அவரை எழுதச் சொல்லப் போகிறேன்.