கட்டிலுக்கு அடியில் செங்கல்

புனேயில், தாபோடி ஆற்றோரம் குடியிருந்த எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மழைக்காலம் தொடங்கியதும் கட்டிலின் நாலு காலுக்கும் செங்கல் அடுக்கிவிடுவோம். அணையைத் திறந்து தண்ணீர் வீட்டுக்குள் வந்தாலும் படுக்கை நனையாது. கடைசியாக வந்த வெள்ளம் செங்கல், கட்டில் எல்லாவற்றையும் தாண்டி எங்கள் கழுத்துவரை வந்தது. அதற்குப் பிறகுதான் மேட்டு நிலத்தில் ஏழு மாடிக் கட்டடம் கட்டி வீடு கொடுத்தார்கள்.

வீடு ஒதுக்கிய அன்று அதிகாரி என் வீட்டுக்காரரின் ஊன்றுகோலைப் பார்த்தார். தொழிற்சாலையில் அடிபட்டதிலிருந்து அவருக்கு வலது கால் மடங்காது. உங்களுக்குக் குலுக்கல் வேண்டாம், கீழ் வீடு தரட்டுமா என்று இந்தியில் கேட்டார். என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன். உச்சி மாடிதான் வேண்டும் என்றேன். கழுத்தளவு தண்ணீரில் நின்றவளுக்கு வேறென்ன தோன்றும்?

இரண்டே மாதத்தில் லிஃப்ட் படுத்துவிட்டது. தினமும் டீக்கடையில் நின்று ஊர்க்கதை பேசுகிற மனிதர், சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது பதிலுக்கு நாலு திட்டி மனசை ஆற்றியிருப்பேன்.

பழைய இடத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த மராத்தித் தோழிக்குக் குலுக்கலில் கீழ் வீடு விழுந்திருந்தது. தண்ணீர் பயத்தில் அவளுக்கும் தூக்கமில்லை. வீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று அவளே கேட்டாள். மூன்று நாள் பதில் சொல்லாமல் இழுத்தடித்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. நாலாம் நாள் என் வீட்டுக்காரர் சன்னலில் நின்று கீழே போகிற யாருக்கோ கையாட்டினார். அந்த ஆள் நிமிர்ந்து பார்க்காமலே போய்விட்டார். அன்றே கையெழுத்துப் போட்டேன்.

கீழே குடிவந்த மறுநாள் காலை மழை கொட்டியது. அவர் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் கட்டிலுக்குச் செங்கல் வைத்துவிட்டேன். ஏறி உட்கார்ந்தவர் குனிந்து பார்த்தார்.

"ஏட்டி, இந்த மேட்டுக்கு ஆறு எப்படிட்டி ஏறி வரும்?"

"வராதுன்னு நீங்க கண்டியளா?"

"கல்ல எடுத்துரு. என் கால் தரையில எட்ட மாட்டேங்கு."

எத்தனை மழைக்காலம் அவரைக் கைத்தாங்கலாகக் கட்டிலிலிருந்து இறக்கியிருக்கிறேன்! அடிபட்ட காலால்தான் என்று நினைத்திருந்தேன். இத்தனை வருஷம் என் பயத்துக்காக வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்.

அவரைக் கடைசியாக ஒருதடவை இறக்கி நிறுத்திவிட்டு ஒவ்வொரு கல்லாக உருவினேன். அவர் மறுபடி கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். பாதத்தைத் தரையில் ஊன்றி, கோலை எடுத்துக்கொண்டு, என்னைக் கூப்பிடாமலே எழுந்தார்.

"மழையில எங்க போறிய?"

"டீ குடிக்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. குடையை எடுத்து நீட்டினேன்.