டோக்கன் பதினேழு

அந்த வங்கிக்கு எங்கள் பள்ளத்தாக்கில் நான்கு கிளைகள் இருந்தன. நட்டத்தில் மூழ்கி வேறொரு வங்கியிடம் போய்ச் சேர்ந்தபோது ஒவ்வொன்றாக மூடினார்கள். முதலில் கம்பம், அடுத்து போடி, பிறகு தேனி. மூன்று ஊரிலும் போர்டைக் கழற்றுவதைப் பார்க்க, நான் வேலை பார்த்த அல்லிநகரம் ஜவுளிக்கடையில் லீவு போட்டுவிட்டுப் போனேன். தேனியில் எதிரே ஒரு டீ வாங்கி, நிதானமாகக் குடித்தபடி பார்த்தேன். வயிறு குளிர்ந்தது.

மிச்சமிருந்தது சின்னமனூர். எனக்கு வேண்டியதும் அதுதான்.

அம்மா மேகமலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். பணம் எடுக்க மலையிலிருந்து இறங்கினால் மதிய பஸ்ஸில் திரும்பியாக வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் அந்தக் கிளையில் கூட்டம். டோக்கன் நம்பரைக் கூப்பிடுவதற்குள் பஸ் நேரமாகிவிட, பணமும் வாங்காமல் பித்தளை டோக்கனை முந்தானையில் முடிந்தபடியே ஓடிவிட்டாள். அடுத்த வாரம் அவளாகவே கொண்டுபோய்க் கொடுத்தாள். நானும் கூடப் போயிருந்தேன்.

"களவாண்டுட்டுப் போயி இப்ப நல்லவ வேசம் போடுறியா?" என்று மேனேஜர் கத்தினார். மன்னிப்புக் கடிதம் ஒன்றை அவரே எழுதி, எல்லார் முன்னாலும் அம்மாவின் கட்டைவிரலை மையில் அமுக்கிக் கைநாட்டு வாங்கினார். மலையேறும்வரை அம்மா அந்த விரலை முந்தானையில் தேய்த்துக்கொண்டே வந்தாள். பிறகு எந்த வங்கிப் படியையும் அவள் மிதிக்கவில்லை. அந்த ஆள் நாசமாய்ப் போகட்டும் என்று நான் வேண்டாத நாளில்லை.

அதே கிளையில் நானும் ஒரு கணக்கு வைத்திருந்தேன். மூடுகிற நாளன்று போய், பணம் எடுக்கச் சீட்டு எழுதிக் கொடுத்து டோக்கன் வாங்கினேன். பதினேழு என்று கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. ஒரு டோக்கன் குறைந்தாலும் கிளையை ஒப்படைக்க முடியாது. ஒப்படைக்க வந்திருந்தவர் அதே மேனேஜர், தலை நரைத்திருந்தது. கடைசியில் அவரே என் பெஞ்சுக்கு வந்தார்.

"டோக்கனக் குடுத்தீகன்னா பூட்டிட்டுக் கெளம்பிருவோம்மா."

"எங்கம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுங்க சார். தாரேன்."

நடந்ததைச் சொன்னேன். அவருக்கு ஞாபகமே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலில், கிளைச் சாமான்களை ஏற்றிப்போக வந்த வேன்காரன் ஹாரனை அமுக்கினான். வேறு வழியில்லாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்றே மலையேறி, எஸ்டேட் லைன் வீட்டில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். காகிதத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"கையெழுத்து மட்டுந்தானா? கைநாட்டு வாங்கலையாடி?"