மாமாவைச் சந்தேகப்பட்ட செயற்கைக்கோள்

"மாமா, உங்க மேல சந்தேகம் வர்ற மாதிரி கொஞ்ச நேரம் நடந்துக்க முடியுமா?" என்று கேட்டேன்.

மாமா சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியைக் கீழே வைக்காமலே, "யாருக்குச் சந்தேகம் வரணும்?" என்றார்.

"ஒரு செயற்கைக்கோளுக்கு."

"அதுக்கு நான் என்ன பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணல. அதான் பிரச்சினை. ஏதாவது பண்ணணும்."

சமையலறையிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தாள். "இவர் மேலயா? கல்யாணமான புதுசுல நானே எவ்வளவோ முயற்சி பண்ணினேன். பேருக்கு ஒரு சந்தேகம்கூட வரல. வேற ஆளைப் பாரும்மா."

மாமா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். "எங்க, எப்ப வரணும்னு சொல்லு," என்றார்.

என் தாய்மாமாவுக்குப் படகு ஓட்டும் வேலை. விரிகுடாவின் இந்தக் கரையில் ஆள் ஏற்றி அந்தக் கரையில் இறக்குவார். படகு காலியாக இருந்தாலும் "எல்லாரும் உட்காருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் இன்ஜினைக் கிளப்புவார். ஒருமுறை படகு தாமதமாகப் போய்ச் சேர்ந்ததற்குத் தன்மேலேயே புகார் கொடுத்து, விசாரணைக்கும் தானே போய் உட்கார்ந்தார்.

நான் வேலை பார்த்த நிறுவனத்தின் பொறியாளர்களுக்கு எங்கள் மொழி தெரியாது. இரண்டு பக்கத்துக்கும் வாய் நான்தான். அவர்களுடைய செயற்கைக்கோள் ஒரு மைக்ரோவேவ் அடுப்பு அளவு இருக்கும். உள்ளே தனித்தனிப் பெட்டிகள். எதையும் கழற்றி அந்த இடத்தில் வேறொன்றைப் பொருத்தலாம். ஒரு பெட்டி கண். கடலில் போகும் படகுகளை, அவை பின்னால் விட்டுச்செல்லும் நுரையை வைத்துக் கண்டுபிடிக்கும். ஒரு பெட்டி காது. 'நான் இன்னார், இங்கே போகிறேன்' என்று ஒவ்வொரு படகின் கருவியும் சொல்வதைக் கேட்கும். கண்ணுக்குத் தெரிந்த படகு காதுக்குக் கேட்காவிட்டால் ஏதோ திருட்டுத்தனம் நடக்கலாம். கடைசிப் பெட்டியில் மடித்து வைத்த பாய், பாய்மரக் கப்பலில் இருப்பது மாதிரி. வானத்தில் குப்பை சேர்க்க மாட்டோம் என்று நிறுவனம் வாக்குக் கொடுத்திருந்தது. உபயோகமில்லை என்று தெரிந்தால் அந்தப் பாயை விரித்து, செயற்கைக்கோளைக் கீழே இழுத்து எரித்துவிட வேண்டும். சோதனைக்காக மாமா திருட்டுப் படகுக்காரராக நடிக்க வேண்டும்; மூன்று தடவை மேலே கடந்து போகும்போது அவரைக் கண்டுபிடிக்காவிட்டால் அதே கதிதான்.

"அப்ப நான் ஒழுங்கா திருட்டுத்தனம் பண்ணலன்னா அது எரிஞ்சு போயிடுமா?" என்றார் மாமா. அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

முதல் தடவை, சொன்னபடி கருவியை அணைத்துவிட்டு நடுக்கடலுக்குப் போனார். துணைக்கு அத்தையும். செயற்கைக்கோள் கடந்து போனது. எங்கள் அலுவலகத் திரையில் மாமா இருந்த இடத்தில் 'மிதவை' என்று வந்தது.

போன் செய்தேன். "மாமா, என்ன பண்ணினீங்க?"

"படம் எடுக்கும்னு சொன்னியே! ஆடினா படம் கெட்டுப்போயிடாதா? இன்ஜினை நிறுத்திட்டு, தலையைச் சீவிட்டு, அசையாம நின்னேன். உன் அத்தை கண்ணைக்கூடச் சிமிட்டல."

இதை மொழிபெயர்த்தேன். தலைமைப் பொறியாளர் இன்னொரு முறை மொழிபெயர்க்கச் சொன்னார்.

இரண்டாம் தடவை நுரை பொங்க ஓட்டினார். ஆனால் கை பழக்கத்தில் வழக்கமான வழியிலேயே போய்விட்டது. 'பயணிகள் படகு, கருவி பழுது' என்றது திரை.

"அந்தக் கரையில ஒருத்தர் கை காட்டினாரு. ஏத்தாம வர முடியுமா?" என்றார் மாமா.

மூன்றாம் தடவை தலைமைப் பொறியாளர் பாயை விரிக்கும் கட்டளையை முன்கூட்டியே தட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"மாமா, இஷ்டத்துக்கு ஓட்டுங்க!"

"எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கமும் வேண்டாம். சும்மா ஓட்டுங்க."

"முடியலையே. கண்ணு திறந்திருந்தா கை துறைக்குத்தான் போகுது." கொஞ்சம் யோசித்தார். "சரி, கண்ணை மூடிக்கிறேன்."

"ஐயோ, கப்பல் நிக்குது!" என்று அத்தை அலறியது எனக்குக் கேட்டது. பிறகு, "வலது பக்கம்! அது எனக்கு வலது, உங்களுக்கு இல்ல!" நங்கூரமிட்டு நின்ற ஒரு சரக்குக் கப்பலை மாமாவின் படகு இரண்டு சுற்று சுற்றி, விலகி, மறுபடியும் அதையே தேடிக்கொண்டு வந்தது.

திரையில் சிவப்புப் புள்ளி. 'சந்தேகத்துக்குரிய கலம்.' அறையில் எல்லோரும் எழுந்து கத்தினார்கள். தலைமைப் பொறியாளர் தட்டி வைத்திருந்த கட்டளையை எழுத்து எழுத்தாக அழித்தார்.

ஏற்பாட்டின்படி எச்சரிக்கை நேராக ரோந்துப் படகுக்குப் போனது. வந்த அதிகாரி தினமும் மாமாவின் படகில் வேலைக்குப் போகிறவர்.

"அண்ணே, நீங்களா?"

"நான்தான் தம்பி. பிடிச்சுக்கோ," என்று மாமா இரண்டு கையையும் நீட்டினார்.

"கண்ணை ஏன் மூடியிருக்கீங்க?"

"அதை நான் அப்புறமா சொல்றேன்," என்றாள் அத்தை. "முதல்ல இந்த மனுஷனைக் கூட்டிட்டுப் போங்க. எனக்குத் தலை சுத்துது."

செயற்கைக்கோள் பிழைத்துக்கொண்டது. ஆனால் அதற்கு மாமாவின் மேல் வந்த சந்தேகம் போகவில்லை. கருவியைப் போட்டுக்கொண்டு பயணிகளோடு நேர்வழியில் போனாலும் அவருடைய படகு திரையில் சிவப்பாகவே தெரிந்தது. துறையில் விஷயம் பரவி, டிக்கெட் கொடுப்பவர் "வாங்க கொள்ளைக்காரரே" என்று கூப்பிட ஆரம்பித்தார். மாமா புதிதாக ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டார்.

தலைமைப் பொறியாளருக்கு மனசு கேட்கவில்லை. அப்பாவி மனிதர்மேல் பழி இருக்கக் கூடாது, உடனே திருத்திவிடுகிறோம், அவரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல் என்றார். வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

மாமா வாசல் வரை என்னோடு வந்தார். உள்ளே அத்தை இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"பாப்பா, எனக்காக அவங்ககிட்ட ஒண்ணு கேட்டுப் பாரேன். அந்தச் சிவப்பை மொத்தமா எடுத்துட வேண்டாம். ஞாயித்துக்கிழமை மட்டும் இருந்தாப் போதும்."