பாட்டு ஏற்றின கல்யாண வீடியோ

கல்யாணக் கசட்டை டிவிடியில் ஏற்றிக் கொடுக்கிற கடை நடத்தியவர்களுக்குத் தெரியும், கொம்பியூட்டரில் நூறு வீதம் என்று வந்தாலும் வேலை முடிந்ததாக நினைக்கக் கூடாது. படம் ஓடவில்லை, சத்தம் வரவில்லை என்று அடுத்த நாள் கடை திறக்க முதலே ஆள் கதவடியில் நிற்கும். சுனாமிக் கடல் வந்துபோன பிறகு கல்முனையில் அப்படியொரு கடை போட்டேன். இதே பாடு பட்டவர்கள் சிரியுங்கள், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஓடாத தட்டு

காரைதீவு மாஸ்டர் ஒருவர் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக் கசட்டைக் கொண்டுவந்தார். டிவிடித் தட்டு எழுதிக் கொடுத்தேன். என் கடையில் ஓடும், அவர் வீட்டில் ஓடாது. லென்சைத் துடையுங்கள் மாஸ்டர், வேறு டெக்கில் போட்டுப் பாருங்கள் மாஸ்டர் என்று அவருடைய டெக்கின் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன். பிறகுதான் விளங்கியது, டிவிடி படமாக எழுதாமல் வெறும் ஃபைலாக எழுதியிருக்கிறேன். அதற்குள் மனுசன் சைக்கிள் மிதித்தே களைத்துப்போனார். கோபப்படவே இல்லை. "தம்பி, உங்கட கொம்பியூட்டரையும் சேர்த்துத் தாங்க, வீட்ட கொண்டுபோய்ப் பாப்பம்."

கழுவின கசட்

நசீரா ராத்தாவின் மகன் அஸ்மியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அடக்குவதற்கு மையித்துக்கூடக் கிடைக்கவில்லை. அவன் குரலைக் கேட்க வேண்டும் என்பதுதான் ராத்தாவின் ஆசை. அவன் கதைக்கிற வீடியோ ஒன்றே ஒன்றுதான், அவனுடைய தங்கச்சியின் கல்யாணக் கசட். இடிந்த வீட்டு மண்ணுக்குள் இருந்து அதை எடுத்து வந்திருந்தார்.

உப்புத் தண்ணீர் பட்ட கசட் எத்தனையோ பார்த்திருக்கிறேன். நாடாவை எடுத்து வேறு கூட்டில் மாட்டினால் சிலது ஓடும். இதைத் திறந்தால் நாடா சுருங்கி, மேல்பூச்செல்லாம் உரிந்து கிடக்கிறது. என்ன செய்தீர்கள் ராத்தா என்று கேட்டேன். சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, கொடியில் காயப்போட்டாராம். ஏசத்தான் வாயெடுத்தேன், அதற்குள் அவரே சொன்னார். "அவனக் குளிப்பாட்டி அனுப்பக் கிடைக்கல்லயே தம்பி, இதையாவது கழுவுவம் எண்டு நினைச்சன்."

சம்மந்தி வீட்டுக் கொப்பி

ராத்தாவின் மருமகனுடைய ஊர் வரிப்பத்தான்சேனை. வயலுக்கு நடுவில் இருக்கிற ஊர், கடல் எட்டாத இடம். சம்மந்தி வீட்டில் அதே கல்யாணத்தின் கொப்பி ஒன்று இருந்தது. நானே மோட்டார் சைக்கிளில் போய் எடுத்து வந்தேன். அல்ஹம்துலில்லாஹ், கீறல் இல்லை, நிறம் மங்கவில்லை. ராத்தாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடவிட்டேன்.

சோற்றுச் சஹனைச் சுற்றி இருந்து பொடியன்மார் சாப்பிடுகிறார்கள். அஸ்மி கெமராவைப் பார்த்து வாயைத் திறக்கிறான். பாட்டுத்தான் வருகிறது. நம்ம பக்கத்துக் கல்யாண வீடியோ எல்லாம் அப்படித்தானே, ஆட்களின் பேச்சை எடுத்துவிட்டுப் பாட்டுப் போடுவார்கள். குரலும் பாட்டும் கலந்திருந்தால் கொஞ்சமாவது பிரித்துப் பார்க்கலாம். இங்கே குரலை அழித்துவிட்டே ஏற்றியிருந்தார்கள். மூலக் கசட் இருந்த ஸ்டூடியோவும் கடலோடு போய்விட்டது. படம் எடுத்தவனை நான் வாய்க்கு வந்தபடி திட்ட, ராத்தா என்னைத் தடுத்தார். "அவனை ஏசாதீங்க தம்பி. அஸ்மி அதில, மாப்புள வீட்டாக்கள் இறைச்சிய முடிச்சிட்டாங்க, எங்களுக்கு எலும்புதான் எண்டு பகிடி விட்டான். சம்மந்தி கேட்டா மனவருத்தம் எண்டு நான்தான் பாட்டுப் போடச் சொன்ன."

பாட்டில்லாத தட்டு

நாட்டில் சண்டை முடிந்து றோட்டில் வெடி கொளுத்தின கிழமை ராத்தா திரும்ப வந்தார். அந்தக் கொப்பியிலிருந்து நான் எழுதிக் கொடுத்த தட்டு போட்டுப் போட்டே கீறிப்போயிருந்தது. புதிதாக ஒன்று எழுதித் தருகிறேன் என்றேன். வேறு நல்ல பாட்டு மாற்றிப் போடவா என்றும் கேட்டேன், மடையன் நான். வேண்டாம், சத்தமே இல்லாமல் தரச் சொன்னார்.

எழுதிக் கடையிலேயே போட்டுக் காட்டினேன். வெளியில் வெடிச்சத்தம், உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அஸ்மி வாயைத் திறந்த இடத்தில் ராத்தாவின் வாயும் அவனோடு சேர்ந்து அசைந்தது. எலும்பு வந்த இடத்தில் சிரித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வயர்களைச் சரிபார்ப்பதுபோல் நின்றேன். தட்டைச் சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு சொன்னார்: "இப்ப கேக்குது தம்பி."

அந்தக் கடையில் நான் எழுதிக் கொடுத்த தட்டுகளில், சத்தம் வரவில்லை என்று யாரும் திருப்பிக் கொண்டுவராதது அது ஒன்றுதான்.