பெண் நண்டு இல்லாத ஓடை

இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் அக்காவை மலைமேல் அரியூர் நாட்டு ஊரொன்றில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமியார் வீட்டு வயலை ஒட்டி ஓர் ஓடை. யுத்தம் நடந்த வருஷங்கள் அவை. பருப்பு, பயறு எதுவும் சுலபத்தில் மலையேறி வராது. குழம்புக்கு ஓடை நண்டுதான். நண்டைப் பிடித்ததும் அந்த வீட்டில் மல்லாத்திப் பார்ப்பார்கள். அடிவயிற்று மடல் அகலமாக இருந்தால் பெண். உள்ளே சினை இருக்கும், ருசி அதிகம், சட்டிக்குப் போகும். மடல் குறுகலாக இருந்தால் ஆண். அதைத் திரும்ப ஓடையிலேயே வீசிவிடுவார்கள். அவ்வளவு நாக்கு அவர்களுக்கு.

அதே வீட்டில் இன்னொரு வழக்கமும் இருந்தது. மருமகள் முழுகாமல் இருந்தால் மாமியார் ஓடைக்கரை வளையில் கைவிட்டு ஒரு நண்டை எடுப்பாள். ஆண் நண்டு வந்தால் ஆண் குழந்தையாம். அக்காவுக்கு இரண்டு தடவை ஆண் நண்டுதான் வந்தது, பிறந்ததென்னவோ பெண். மூன்றாவது தடவையும் ஆண் நண்டே வந்தது. "இதும் பொட்டையாப் பொறந்தா என் மகனுக்கு வேற பொண்ணு பாத்துருவேன்" என்று மாமியார் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

பிறந்தது பெண்.

ஒத்தாசைக்கு நான் போயிருந்தேன். பச்சை உடம்புக்காரிக்கு ஒரு வாய் வெந்நீர் கொடுக்க அந்த வீட்டில் ஆளில்லை. "நண்டு பொய் சொல்லாது கண்ணு. மூணு தடவையும் ஆணைத்தான காட்டுச்சு? உங்கக்கா வயித்துலதான் கோளாறு" என்றாள் மாமியார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விறுவிறுவென்று ஓடைக்குப் போய், கண்ணில் பட்ட வளையிலெல்லாம் கைவிட்டேன். விரலைக் கவ்வியதுகூட உறைக்கவில்லை. கூடையோடு கொண்டுவந்து வாசலில் கொட்டி ஒவ்வொன்றாக மல்லாத்தினேன். அத்தனையும் ஆண்.

"ஏனுங்க அத்தை, பொட்டை நண்டையெல்லாம் நீங்களே தின்னுபோட்டீங்க. அப்புறம் வளைக்குள்ள கையை உட்டா ஆண் வராம வேற என்னங்க வரும்? எங்கக்கா மேல எதுக்குங்க பழி போடறீங்க?"

அவள் குனிந்து நண்டுகளைப் பார்த்தாள். நான் சொன்னது அவளுக்குப் புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. அக்கா பிழைத்தாள் என்று நினைத்தேன்.

"நீ சொல்றது சரிதான் கண்ணு. இனிமேப்பட்டுப் பொட்டையத் திங்கக் கூடாது. அப்பத்தான் அடுத்து வாரவளுக்கு நண்டு சரியாச் சொல்லும்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் பெண் நண்டைப் பத்திரமாக ஓடையில் விட்டார்கள். அறுவடை முடிந்ததும் அதே மலையில் பைல் நாட்டில் பெண் எடுத்து, அக்கா புருஷனுக்கு இரண்டாம் கல்யாணம் செய்தார்கள். அந்தப் பந்திக்கு, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, என் அக்காதான் சோறு வடித்தாள்.